விதியை விழுங்கும் விலக்கு

மதரஸாவில் ஒரு கிதாபைத் தொடங்கும்போது உஸ்தாத் முதலில் மத்னை, அதாவது மூலத்தை, வாசிக்கச் செய்வார். ஷரஹு எனப்படும் விரிவுரை அதன் பின்னரே வரும். விரிவுரை எத்துணை இனிமையாயினும் மூலத்தில் இல்லாததை அதனால் மூலத்தில் சேர்த்துவிட இயலாது. நூல்களிடம் நாம் பேணும் இவ்வொழுங்கைச் சட்டமன்றத்தில் வைக்கப்படும் மசோதாக்களிடம் பேணுவதில்லை.

2023ஆம் ஆண்டு ரமளானின் கடைசிப் பத்தில், மேனாம்பேட்டில் தராவீஹ் முடிந்து திரும்புகையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் நம்மை நிறுத்தினார். "ஹஜ்ரத், இனிப் பன்னிரண்டு மணி நேரம் வேலையாமே, சட்டம் வந்துவிட்டதா?" என்று கேட்டார். பத்திரிகைத் தலைப்பில் கண்டதையே நாமும் விடையாகச் சொன்னோம். மசோதாவை நாம் வாசித்திருக்கவில்லை. அந்தக் குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்த மசோதா அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று பேரவையில் அறிமுகமாயிற்று. அறிமுகமான மசோதா சட்டமன்று. பேரவை அதனை ஏற்க வேண்டும். ஒப்புதல் பெற வேண்டும். அதன் பின்னரே அது சட்டமாகும். குடிமக்கள் வாசிக்கவும் வினவவும் உரிய காலம் அவ்விடைவெளியேயாம். இம்மசோதாவுக்குக் கிடைத்தவை ஒன்பது நாட்கள். பெருநாளுக்கு முந்திய தினமான ஏப்ரல் 21 அன்று, கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்ய, குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது.

இனி மூலத்தைக் காண்போம். 65-ஏ என்னும் புதிய பிரிவின்படி, எந்தத் தொழிற்சாலைக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் எதிலிருந்தும் அல்லது எல்லாவற்றிலிருந்தும் அரசு விலக்களிக்கலாம். வெறும் எண்களாகத் தோன்றும் இவை, அப்போது நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துடன் சேர்த்து வாசித்தால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையாக விரிகின்றன. வாரத்துக்கு 48 மணி, வார விடுமுறை, நாளுக்கு 9 மணி, ஐந்து மணி உழைப்புக்குள் அரைமணி ஓய்வு, ஓய்வு உள்ளிட்ட மொத்த நேரம் பத்தரை மணி, மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பனவே அவை.

பழைய சட்டத்திலும் விலக்கு இல்லாமலில்லை. வேலை நெருக்கடியின்போது 51, 52, 54, 56 ஆகியவற்றிலிருந்து விலக்களிக்க 65ஆம் பிரிவு இடம் தந்தது. ஆயினும் நாளுக்கு 12 மணி, மிகைநேரம் உள்பட வாரத்துக்கு 60 மணி என்று அச்சட்டமே வரம்பும் கட்டியது. இடைவேளை ஓய்வையும் இரட்டிப்பு ஊதியத்தையும் அந்தப் பிரிவு தொடவில்லை. புதிய பிரிவு அவ்விரண்டையும் பட்டியலில் சேர்த்தது. நிபந்தனைகளையோ அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது.

வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, விரும்புவோர் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என்று அமைச்சர்கள் விளக்கினர். புதிய தொழில்கள் வர நெகிழ்வான வேலைநேரம் தேவை என்ற வாதமும் எண்ணிப்பார்க்கத் தக்கதே. எனினும் அவ்வுறுதி ஷரஹில் மட்டுமே இருந்தது. மத்னிலோ, 48 மணி என்று வரையறுத்த 51ஆம் பிரிவே விலக்குப் பட்டியலின் தலையில் நின்றது.

உஸூலுல் பிக்ஹில் இஸ்தித்னா, அதாவது விதிவிலக்கு, பற்றிய பாடமொன்றுண்டு. "அவருக்குப் பத்து ரூபாய் தரவேண்டும், பத்து ரூபாயைத் தவிர" என்று ஒருவன் சொன்னால் அவ்விலக்கு செல்லாது. கடன் பத்தும் நிற்கும். விதி முழுவதையும் விழுங்குவது விலக்காகாது என்பதே அதன் கருத்து. இந்த அளவுகோலால் அளந்தால் 65-ஏ பிரிவின் குறை விளங்கும். விலக்களித்தது அதன் குறையன்று. விலக்குக்குக் கரை கட்டாததே குறை.

தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் ஏப்ரல் 24 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். எண்களுக்குப் பின்னாலிருந்த பிரிவுகளை வாசித்தவர்கள் உரிய நேரத்தில் பேசினார்கள். நாமோ தலைப்பை வாசித்தவர்களோடு நின்றோம்.

இனியொரு மசோதா வரும்போது மூன்றைத் தேடுவோம். அது தொடும் பழைய பிரிவு யாது? விலக்குக்கு வரம்பு உண்டா? வாய்மொழியாகத் தரப்படும் உறுதி எழுத்தில் உள்ளதா? அன்றிரவு அவ்விளைஞரிடம், "இன்னும் சட்டமாகவில்லை தம்பி, நாளை மூலத்தைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்" என்று நாம் சொல்லியிருக்க வேண்டும்.