இரண்டு சேத்தக்குகள்

ஒரு காலத்தில் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். பெண் பார்க்கப் போகும்போது பதிவு செய்த வண்டி, மூத்த பையன் ஸ்கூலுக்குப் போகும்போது வந்து சேரும். அதே பெயரில் நம் ராணுவத்திடம் ஒரு ஹெலிகாப்டர் இருக்கிறது. அங்கேயும் காத்திருப்புதான் - வாங்குவதற்கு அல்ல, விட்டுத் தொலைப்பதற்கு!

சேத்தக்கின் மூலம் பிரெஞ்சுக்காரர்களின் அலுவெட் 3. 1962-ல் ஒப்பந்தம் போட்டு, பெங்களூர் எச்.ஏ.எல்.லில் தயாரித்தார்கள். அதன் தம்பி சீட்டா. சும்மா சொல்லக் கூடாது, கில்லாடி. சீட்டாவின் பிரெஞ்சு மூலமான லாமாவில்தான் 1972-ல் ழான் புலே 12,442 மீட்டர் உயரம் ஏறினார். எஞ்சின் அணைந்துபோக, மேலே சுழலும் இறக்கைகளை மட்டும் நம்பிப் பத்திரமாக இறங்கினார். 1984-லிருந்து சியாச்சின் வீரர்களுக்கு உயிர்நாடி இந்த சீட்டாதான். காற்று மெலிந்த அந்த உயரத்தில் சில சமயம் ஒரு ஜெரிகேன் மண்ணெண்ணெய்தான் தூக்க முடியும். அதையும் தூக்கிக்கொண்டு போகிறது.

ஆனால் ஒற்றை எஞ்சின். ஆட்டோ பைலட் இல்லை, வானிலை ரேடார் இல்லை. 2022 அக்டோபரில் தவாங் அருகே ஒரு சீட்டா விழுந்து ஒரு விமானி இறந்தார். 2023 மார்ச்சில் அதே அருணாசலத்தில் இன்னொன்று - இரண்டு அதிகாரிகள். விபத்துக்கு விபத்து காரணம் வேறாக இருக்கலாம். வண்டியின் வயசு மட்டும் மாறவில்லை.

மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 197 ஹெலிகாப்டர்களுக்கு டெண்டர் விட்டார்கள். யூரோகாப்டர் தேர்வாகி, 2007 டிசம்பரில் ரத்து. மறுபடி டெண்டர், மறுபடி சோதனை ஓட்டம், 2014 ஆகஸ்டில் மறுபடி ரத்து. 2015-ல் 'ரஷ்யாவின் காமோவ், 200' என்று இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டன. கையெழுத்து வந்தது, காமோவ் வரவில்லை. எச்.ஏ.எல்.லின் சொந்த ஹெலிகாப்டர் 2016-ல் பறந்துவிட்டது. துமகூரு தொழிற்சாலையை 2023-ல்தான் திறந்தார்கள். 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம், '200 இலகு ஹெலிகாப்டர் வேண்டும், விவரம் அனுப்பவும்' என்று கம்பெனிகளைக் கேட்டது. அதாவது, மறுபடி அனா ஆவன்னா.

ரத்து செய்ததற்கெல்லாம் காரணம் இருந்தது. போஃபர்ஸுக்குப் பிறகு ஆயுத ஃபைல் என்றாலே கை நடுங்குவதும் புரிகிறது. சிக்கல் என்னவென்றால், வாங்கினால் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும், வாங்காவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். ஹெலிகாப்டர் விழுந்தால் விமானி என்ன செய்தார், எஞ்சின் என்ன செய்தது என்று விசாரிக்கிறார்கள். 2007-ல் மூடிய ஃபைலை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.

என் யோசனை சின்னது. ரத்தாகும் ஒவ்வொரு டெண்டரோடும் ஒரு தாள் இணைக்கட்டும்: 'இதனால் பழைய ஹெலிகாப்டர் இன்னும் இத்தனை வருஷம் பறக்க வேண்டியிருக்கும்.' கீழே ஒரு கையெழுத்து, பெயரோடு.

பஜாஜ்கூடப் பழைய சேத்தக்கை நிறுத்திவிட்டு, 2020-ல் மின்சாரத்தில் புதுசாகக் கொண்டுவந்துவிட்டது!