துணைப் பாத்திரமும் எஸ். என். இலட்சுமியும்

தோழிக்கும் செவிலிக்கும் தனித்தனியே கூற்று வகுத்தார் தொல்காப்பியர்; அவையின்றி அகப்பொருள் நிரம்பாது. திரைப்படத் திறனாய்வோ துணைப் பாத்திரங்களைப் பெயரளவிற் சுட்டி அமைகின்றது. அது முறையன்று என்பதற்கு எஸ். என். இலட்சுமியின் நடிப்பே சான்று.

கோவிற்பட்டிக்கு வடக்கே, கரிசல் நிலத்து விருதுநகரை அடுத்த சென்னல்குடியிற் பிறந்த இவர், நாடகமேடையிற் பயின்று திரைக்கு வந்தவர். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் புகழுற்ற மகன் இழக்கும் தாய். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்திற் கைப்பட்டதைக் களவாடும் பாட்டி. முன்னதன் மெய்ப்பாடு அழுகை. பின்னதன் மெய்ப்பாடு நகை. 'விருமாண்டி' (2004) படத்தில் தலைவனின் பாட்டியாகவும் தோன்றினார். எனவே, 'தாய்' என்னும் ஒரே வார்ப்பில் இவரை அடக்குவது பொருந்தாது.

2012இல் இவர் மறைந்தார். தலைவனை மட்டும் கொண்டு படத்தை அளப்பது, செவிலி கூற்றை நீக்கி அகநானூறு கற்பதனோடு ஒக்கும் என்பது எம் துணிபு.