நொசில்மேல் போடும் பழி

வன்னியில் பழைய லொறி வைத்திருப்பவர்களிடையே ரீகண்டிஷன் இன்ஜெக்டரைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. "அது காசைக் கரைக்கிற வேலை, மூன்று மாதத்தில திரும்பவும் கறுப்புப் புகைதான்" என்பது ஒரு கட்சி. "என்ர லொறி அப்பிடித்தானே இவ்வளவு காலமும் ஓடுது" என்பது மற்றது. இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒரே வேலை ஒருவருக்குப் பலித்து இன்னொருவரைக் கவிழ்க்கிறது என்றால், எந்தக் கட்டத்தில் அது பிழைக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இது கராஜ் வாசல் விவாதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் பரவலாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏ9 வீதியிலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் நெல்லும் மணலும் ஏற்றியவை முன்னரே இருந்த லொறிகள்தான். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாய்க்கு விற்ற ஓட்டோ டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய்க்குப் போனது. ஒழுகும் நொசில் ஒன்றோடு ஓடுவதன் செலவு என்ன என்பதை அந்த ஆறு மாதங்கள் எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்டின.

முதலில், ரீகண்டிஷன் என்றால் எது? பழைய இயந்திர இன்ஜெக்டருக்குள் பெரிய மாயம் இல்லை. ஓர் உடல், உள்ளே ஒரு ஸ்பிரிங், அடியில் நொசில், நொசிலுக்குள் ஓர் ஊசி. பம்ப் தள்ளும் டீசல் குறித்த அழுத்தத்தைத் தொட்டதும் ஊசி எழும்பும், டீசல் பனிபோலத் தெறிக்கும். அழுத்தம் விழுந்ததும் ஸ்பிரிங் ஊசியை அறைந்து மூடும். எல்ஃப் லொறிகளில் வந்த பழைய 4ஜேபி1 எஞ்சினுக்கு அந்த அழுத்தம் சதுர சென்றிமீற்றருக்கு 185 கிலோ. ஊசிக்கும் அது ஓடும் துளைக்கும் இடையே உள்ள வெளி இரண்டு மூன்று மைக்ரோன்தான். தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. தேய்வது இந்த நொசில், தளர்வது அந்த ஸ்பிரிங். உடல் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஆகவே பழைய உடலில் தரமான புது நொசில் பூட்டி, ஸ்பிரிங்கின் அழுத்தத்தைச் சரியாக வைத்துத் தந்தால், தேயும் பாகம் முழுவதும் புதிது. அதைப் பழைய சாமான் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஆனால் பழைய ஊசியைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, வெளியே பளபளக்கத் துடைத்துக் கொடுப்பதும் அதே பெயரில்தான் விற்கப்படுகிறது. அது கழுவல், அதற்கு மேல் எதுவும் இல்லை. முதற்கட்சியின் கசப்பில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி சோதனை மேசை. இன்ஜெக்டரைச் சோதனைப் பம்பில் பூட்டிக் கைப்பிடியை மெல்ல அழுத்தினால் அழுத்தமானியின் முள் ஏறிவந்து குறித்த இடத்தில் சட்டென்று விழ வேண்டும். நல்ல நொசில் அந்த நேரம் கரகரவென்று ஒரு சத்தம் கொடுக்கும். எல்லாத் துளைகளிலிருந்தும் டீசல் ஒரே அளவாக விரிய வேண்டும். ஒரு துளை தாரையாகப் பீச்சினாலே அது தோற்றது. பிறகு, திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய இருபது பார் குறைவாக, முள்ளைப் பிடித்துக்கொண்டு பத்து விநாடி நுனியைப் பார்க்க வேண்டும். அங்கே சொட்டுத் திரண்டு விழுந்தால் அந்த நொசில் லொறிக்குள் போகக் கூடாது. முழுவதும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். "செக் பண்ணித்தான் தந்தவங்கள்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பி வருகிறவர் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறார்.

சோதனையில் வென்ற இன்ஜெக்டரும் எஞ்சினுக்குள் போய்த் தோற்கலாம். என் பார்வையில் பழியின் பெரும்பங்கு விழ வேண்டிய இடம் இதுதான்: திரும்பப் பூட்டும் வேலை.

இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செப்பு வாசர் இருக்கும். கழற்றும்போது சிலவேளை அது நொசிலோடு வெளியே வராது. கரியோடு கரியாகக் குழிக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ரோச் அடித்து எட்டிப் பார்க்காதவருக்கு அது குழியின் அடி போலவே தெரியும். அதன்மேல் புது வாசரைப் போட்டுப் பூட்டினால் நொசில் ஒரு வாசர் தடிப்புக்கு மேலேறி நிற்கும். பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்துக்குள் குறிபார்த்துப் போக வேண்டிய டீசல் வேறிடத்தில் அடிக்கும். லொறி ஸ்டார்ட் வரும், ஓடும், ஆனால் புகைக்கும். அடுத்த நாள் உரிமையாளர் நொசில் கடைக்குப் போய்ச் சண்டை பிடிப்பார். கடைக்காரர் மேசையில் போட்டுக் காட்டுவார். நொசில் சுத்தமாக இருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு பிரிவார்கள். பிழை அரை அங்குல வட்டச் செம்பில் இருக்கிறது.

பழைய வாசரையே திரும்பப் போடுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். அடிபட்டு இறுகிய செம்பு மீண்டும் நசிந்து மூடாது. வேறு வழியில்லாதபோது அதை நெருப்பில் செந்நிறம் வரக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்குவார்கள். செம்புக்கு அது சரியான வைத்தியம்தான். ஆனால் புது வாசரின் விலையை நொசிலின் விலையோடு வைத்துப் பார்த்தால், அந்தச் சிக்கனத்துக்கு அர்த்தமில்லை.

அடுத்தது இறுக்கம். "இன்னும் ஒரு கால் சுத்து இறுக்கு தம்பி" என்பது கராஜில் அடிக்கடி கேட்கும் குரல். கவ்விப் பிடிக்கும் நட்டுகளை ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் குறைத்து இறுக்கினால் இன்ஜெக்டர் சரிந்து நிற்கும், அடியால் காற்று ஊதும். அளவுக்கு மீறி இறுக்கினால் நொசில் உடல் நெளிந்து, இரண்டு மைக்ரோன் வெளியில் ஓடும் ஊசி சிக்கிக்கொள்ளும். மேசையில் கரகரத்த அதே ஊசி எஞ்சினில் ஊமையாகும். அந்த எஞ்சினுக்குரிய கைநூலில் இறுக்க அளவு இருக்கிறது. அதற்குத்தான் டோர்க் ரென்ச் இருக்கிறது. கைப்பழக்கம் பெரியதுதான், ஆனால் மைக்ரோனைக் கையால் உணர முடியாது.

கடைசியில் எயார் எடுத்தல். பில்ட்டரில் தொடங்கி, பம்பில் எடுத்து, பிறகு இன்ஜெக்டர் முனையில் குழாய் நட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை சுற்றவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நொசில் நுனியிலிருந்து தெறிக்கும் டீசலுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அடையாளம்தான் தெரியும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் புகை நிற்காத லொறிகள் உண்டு. அவற்றில் பிழை இன்ஜெக்டரில் இருந்ததே இல்லை. கோடையில் கிரவல் றோட்டுப் புழுதி குடித்து அடைத்த எயார் பில்ட்டரும் கறுப்புப் புகையைத்தான் தரும். நீலப் புகை ஒயில் எரிவது. காலையில் வெள்ளைப் புகையோடு இழுத்து இழுத்து ஸ்டார்ட் வரும் எஞ்சினில் கொம்பிரசன் விழுந்திருக்கலாம், பம்பின் டைமிங் பிந்தியிருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் நேரே நொசிலுக்குக் காசு கட்டுவது, காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றுவது.

எண்ணெயையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். டீசல் 460 ரூபாயாக இருந்தபோது மண்ணெண்ணெய் 87 ரூபாய். 2022 ஓகஸ்டில்தான் அது 340 ஆனது. இப்படியொரு விலை இடைவெளி இருந்தால் கலப்படத்துக்கு அழைப்பு வேண்டியதில்லை. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை; பம்பையும் ஊசியையும் அது உலரத் தேய்க்கும். பரலிலும் கானிலும் வைத்து ஊற்றிய டீசலோடு வரும் தண்ணீரும் துருவும் மிச்சத்தை முடிக்கும். பில்ட்டரை மாற்றாமல், ராங்கியின் அடியைக் கழுவாமல் புது நொசில் பூட்டியவர் அதைப் பழுதாக்கத் தானே ஏற்பாடு செய்கிறார்.

இந்தக் கவனயீனத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்கு எரிபொருளும் உதிரிப்பாகமும் எட்டாத பொருட்கள். ஸ்டார்ட் வரச் சில துளி பெற்றோல், மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய் என்று மோட்டார் சைக்கிள்கள் ஓடிய காலம் அது. அன்று "ஓடுது தானே" என்பதே உச்சமான அளவுகோல். அந்த அளவுகோலை வைத்து வண்டிகளை ஓட வைத்த கைகளை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் 2002இல் ஏ9 திறந்து, மூடி, போர் முடிந்து, வாசரும் நொசிலும் கடையில் தொங்கும் காலம் வந்த பிறகும் அந்த அளவுகோல் மாறவில்லை. அன்று திறமையாக இருந்தது இன்று சாக்காகிவிட்டது.

மாற்று வழிகள் என்ன? மலிவான புதுப் போலிகள் பளபளப்பில் வெல்லும், துளையின் அளவில் தோற்கும். ஜப்பானில் கழித்த எஞ்சினிலிருந்து வரும் இன்ஜெக்டர் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அதையும் மேசையில் போட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். முழுப் புதிய அசல் தொகுதி சிறந்தது, ஆனால் மிச்ச ஆயுள் குறைந்த எஞ்சினுக்கு அது கட்டுப்படியாகாது.

எனவே தீர்ப்பு இது. பம்பின் அழுத்தத்தாலேயே இன்ஜெக்டர் திறக்கும் பழைய எஞ்சினுக்கு, புது நொசிலோடு, கண்முன்னே சோதித்து வாங்கிய ரீகண்டிஷன் இன்ஜெக்டர் தொகுதி வன்னியில் உள்ள மிகச் சரியான தெரிவு. பூட்டும் கையும் ஊற்றும் டீசலும் சரியில்லை என்றால் அது வீண்செலவு. அந்தக் குற்றம் நொசிலுடையதல்ல. கொமன் ரெயில் எஞ்சின்களுக்கு இந்தத் தீர்ப்புப் பொருந்தாது. 1995இல் டென்சோ அந்த முறையை ஜப்பான் லொறிகளுக்குக் கொண்டு வந்தது. அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், ஊசி திறப்பதைக் கட்டுப்படுத்துவது மின்சாரம். அதைக் கைப்பம்பு மேசையில் சோதிக்க முடியாது.

அடுத்த முறை இன்ஜெக்டர் கழற்றும்போது பக்கத்தில் நின்று வெளியே வரும் செப்பு வாசர்களை எண்ணுங்கள். நான்கு சிலிண்டர் என்றால் நான்கு வர வேண்டும். மூன்றுதான் வந்தது என்றால், நாலாவது உள்ளே கிடக்கிறது.