கத்தரிக்கப்படாத கோபம்

ஆவணப்படமென்றால் 'நடுநிலை' வேணும் என்று நம்ம ஆட்கள் ஆரம்பிக்கும்போதெல்லாம் கனடாவின் அலனிஸ் ஒபோம்சாவின்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். அபெனாகி பழங்குடிப் பெண். 1981இல் மிக்மாக் மக்களின் சால்மன் வலைகளைப் பறிக்க ரெஸ்டிகூஷுக்குள் கியூபெக் போலீஸ் புகுந்தது. 1984இல் வந்த படத்தில், பொறுப்பான அமைச்சரை எதிரே உட்காரவைத்து நேருக்கு நேர் சண்டை பிடிக்கிறார். அந்தக் கோபத்தைப் படத்தொகுப்பில் கத்தரிக்கவில்லை. அதுதான் படமே.

1990இல் ஓகாவில் மோஹாக் மக்களின் பைன் காட்டையும் இடுகாட்டையும் ஒட்டி கோல்ஃப் மைதானத்தைப் பெருக்கப் போனார்கள் (விளையாடத்தான்!). 78 நாள் முற்றுகை. இவர் கேமரா தடுப்பரணுக்கு உள்ளே, ராணுவம் வெளியே. 1993இல் வந்த 'கனெசடாகே' படத்தில் பார்வையாளரும் உள்ளேதான் மாட்டிக்கொள்கிறார். இத்தனைக்கும் படத்தைத் தயாரித்தது அரசின் தேசியத் திரைப்பட வாரியம். அரசுக் காசு வாங்கினாலே விலைபோனதாக எழுதுகிற நண்பர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?