பெர்பெத்துவாவின் சிறைக்குறிப்பும் அதனைச் சூழ்ந்த குரல்களும்

இரத்தசாட்சிகளைக் குறித்த நம் அருளுரைகளில் பெர்பெத்துவாவின் பெயர் வருமானால், அது பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் வருகிறது. உயர்குலத்து இளம்பெண், கண்ணீர் விடும் தந்தை, கைக்குழந்தை, காட்டு விலங்குகள், அசையாத விசுவாசம் என எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் பழைய இரத்தசாட்சி வரலாறுகள் பலவற்றினின்றும் இவ்வரலாற்றைப் பிரித்துக் காட்டும் ஒன்றை நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பொலிக்கார்ப்பின் மரணத்தை ஸ்மிர்னா சபை எழுதியது. பெர்பெத்துவாவோ தன் கையாலேயே எழுதிவைத்தாள் என்று நூலின் தொகுப்பாசிரியர் சான்று கூறுகிறார். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளுள் மிகத் தொன்மையானவற்றுள் இது ஒன்று.

நிகழ்ச்சி கி.பி. 203-இல் நடந்தது. செப்டிமியஸ் செவேரஸ் பேரரசனாயிருந்த காலம். இடம் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ். ஏறத்தாழ 22 வயதினளான விபியா பெர்பெத்துவா, அடிமைப் பெண் பெலிசித்தா, ரெவொகாத்துஸ், சாத்துர்னினுஸ், செக்குந்துலுஸ் ஆகியோர் பிடிக்கப்பட்டனர். இவர்கள் இன்னும் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் பெற்று வந்தவர்களே; காவலில் இருக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுக்குப் போதித்த சாத்துருஸ் தாமாகவே முன்வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். செக்குந்துலுஸ் சிறையிலேயே மரித்தார். மற்றவர்கள் மார்ச் 7 அன்று, இளவரசன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகளில், அரங்கத்தில் மாண்டனர்.

நூல் 21 சிறு அதிகாரங்களைக் கொண்டது. அதில் மூன்று கைகள் தெரிகின்றன. முதல் இரண்டு அதிகாரங்களும் இறுதி எட்டும் பெயரறியாத தொகுப்பாசிரியருடையவை. மூன்று முதல் பத்து வரை பெர்பெத்துவாவின் எழுத்து. அதன்பின் மூன்று அதிகாரங்கள் சாத்துருஸின் தரிசனம். இம்மூன்றையும் ஒரே குரலாகக் கலந்து வாசிப்பதே நம் வாசிப்பின் முதற் குறை என்று கருதுகிறோம்.

பெர்பெத்துவாவின் நடை எளியது, அணிகளற்றது. சிறையின் இருள் தன்னை அச்சுறுத்தியதை அவள் மறைக்கவில்லை. அத்தகைய இருளை அதற்குமுன் கண்டதில்லை என்கிறாள். தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்னும் இரு டீக்கன்மார் காவலருக்குப் பணம் கொடுத்துச் சில மணிநேரம் நல்ல இடத்தில் இருக்க வகைசெய்ததையும் கூச்சமின்றி எழுதுகிறாள். (சபையின் பணம் கையூட்டாகச் சென்றதைத் தொகுப்பாசிரியர் நீக்காமல் விட்டது நம் நல்வாய்ப்பே.) குழந்தை தன்னோடு சிறையில் இருக்க அனுமதி கிடைத்ததும் சிறையே தனக்கு அரண்மனையாயிற்று என்கிறாள். இறப்புக்குத் தீர்ப்பளிக்கப்பட்டபின் குழந்தையைக் கேட்டனுப்புகிறாள். தந்தை தர மறுக்கிறார். குழந்தையும் பிறகு பாலை நாடவில்லை, தனக்கும் பால் கட்டி நோவு உண்டாகவில்லை, இது தேவசித்தம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நகர்ந்துவிடுகிறாள். துறவை உயர்த்திப் பேசும் எழுத்தாளர் எவரும் இவ்விடத்தில் ஒரு பக்கம் எழுதியிருப்பர். அவள் எழுதியது பால் கட்டாததைப் பற்றி.

தந்தையைப் பற்றிய பகுதிகளும் இத்தகையனவே. அவர் மிரட்டுகிறார், கெஞ்சுகிறார், மகளின் கைகளை முத்தமிட்டுக் காலில் விழுகிறார். அவளை மகளென்று அழையாமல் தலைவி என்று அழைக்கிறார். ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுஸ் அவரைக் கோலால் அடிக்கச் செய்தபோது, அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் நொந்ததாக மகள் எழுதுகிறாள். தந்தையைச் சாத்தானின் கருவியாக மட்டும் காட்டிப் பேசும் அருளுரையாளர் இந்த வரியைக் கடந்துதான் போகவேண்டியிருக்கும். கணவனோ நூலில் எங்கும் தோன்றுவதில்லை. அதைக் குறித்து ஊகங்கள் பல எழுந்துள்ளன. நாம் அவற்றுக்குள் செல்லவில்லை.

தரிசனங்கள் நான்கு. முதலாவதில் வெண்கல ஏணி ஒன்று வானளாவ நிற்கிறது, அடியில் வலுசர்ப்பம். அதன் தலையையே முதற் படியாக மிதித்து அவள் ஏறுகிறாள். மேலே நரைத்த தலையுடைய மேய்ப்பர் ஆடுகளைப் பால் கறந்துகொண்டிருக்கிறார். கட்டியான பாலில் ஒரு துண்டைத் தருகிறார். மூலத்தில் உள்ள கசேயுஸ் என்னும் சொல்லைப் பாற்கட்டி என்பதா, தயிர் என்பதா என மொழிபெயர்ப்போர் தயங்குவது இயல்பு. கூப்பிய கைகளில் அதைப் பெறுவதும், சூழ நிற்போர் ஆமென் என்பதும் நற்கருணையை நினைவூட்டுவது தெளிவு.

நான்காவது தரிசனத்தில் அவள் அரங்கத்தில் நிற்கிறாள். ஆடை களையப்பட்டு, ஆணாக மாறி, ஒரு எகிப்தியனோடு மற்போர் செய்து, அவன் தலையை மிதிக்கிறாள். தன் போர் விலங்குகளோடு அன்று, பிசாசோடு என்று விழித்ததும் உணர்கிறாள். இதனைத் தொகுப்பாசிரியரின் இருபதாம் அதிகாரத்தோடு ஒப்பிட வேண்டுகிறோம். அங்கே வெறிகொண்ட பசு அவளைத் தூக்கி எறிகிறது. கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மூடுகிறாள், கலைந்த கூந்தலைச் செருகுகிறாள். வலியைவிட நாணத்தையே அவள் பெரிதாக எண்ணியதாகத் தொகுப்பாசிரியர் போற்றுகிறார். அவர் கண்டதைக் கண்டவாறே எழுதியிருக்கலாம். ஆயினும் தன் கனவில் ஆடையின்றி எண்ணெய் பூசிப் போராடியவளை, சபை மதிக்கத்தக்க குலப்பெண்ணாக மீண்டும் உடுத்திவிடும் கை அது. நம் அருளுரைகளுக்கு வந்து சேர்ந்திருப்பவள் பெரும்பாலும் அந்த இரண்டாமவளே.

அகுஸ்தீனும் இவ்வழியில் சென்றவர்தான். இவர்களின் நினைவுநாளில் அவர் ஆற்றிய அருளுரைகள் உள்ளன. இரு பெயர்களையும் இணைத்து நித்திய பேரின்பம் என்று சிலேடை செய்வதில் அவருக்கு மிகுந்த விருப்பம். சிலேடை அழகியதே, எனினும் பெண்களுள் ஒருத்தி உரிமைக் குடிமகள், மற்றவள் அடிமை என்பது அதில் கரைந்துவிடுகிறது. தினோக்கிராத்தேஸ் விவகாரத்தில் அவருடைய எச்சரிக்கை வேறு வகையானது. முகத்தில் புற்றுநோய் கண்டு ஏழு வயதில் இறந்த இந்தத் தம்பியைப் பெர்பெத்துவா இருளில் தாகத்தோடு காண்கிறாள். அவனுக்காக இரவும் பகலும் மன்றாடுகிறாள். பின்னர் அவன் தண்ணீர் குடித்து விளையாடக் காண்கிறாள். ஞானஸ்நானமின்றி இறந்தோர்க்கு இதனை ஆதாரமாக ஒருவர் காட்டியபோது, இந்நூல் திருமறைத் தொகுதியைச் சேர்ந்ததன்று என்றும், சிறுவன் ஞானஸ்நானம் பெற்றிருக்கக்கூடும் என்றும் அகுஸ்தீன் மறுத்தார்.

சீர்திருத்த மரபினராகிய நாம் முதல் மறுப்பை உடனே பற்றிக்கொள்கிறோம். இறந்தோர்க்கான மன்றாட்டு நமக்கு இடறலாகவே உள்ளது. பின்வந்த உத்தரிப்புக் கோட்பாடு முழுவதையும் இங்கு ஏற்றிவைப்பது தவறு என்பதும் உண்மையே. ஆனால் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரணத்தை எதிர்நோக்கிய ஒரு புதுக் கிறிஸ்தவள் இவ்வாறு மன்றாடியதையும், சபை அதனைப் பாதுகாத்து வாசித்ததையும் மறைத்துவிட்டு அவளை நம் அணியில் நிறுத்துவது நேர்மையன்று.

சாத்துருஸின் தரிசனத்தில் ஆயர்களாகிய நமக்கு ஒரு பகுதி உண்டு. பரலோக வாசலின் வெளியே, பேராயர் ஒப்தாத்துஸும் மூப்பர் அஸ்பாசியுஸும் பிரிந்து துயருற்று நிற்கின்றனர். இரத்தசாட்சிகளின் காலில் விழுந்து, தங்களைச் சமாதானப்படுத்துமாறு வேண்டுகின்றனர். சாட்சிகள் திகைக்கின்றனர். தேவதூதரோ, குதிரைப் பந்தயக் கட்சிகளைப் பற்றிச் சண்டையிடுவோரைப்போல் கூடும் தன் மக்களைத் திருத்துமாறு பேராயரைக் கண்டித்து அனுப்புகின்றனர். அவர்கள் இருவரும் வாசலுக்கு உள்ளே சென்றதாக நூல் கூறவில்லை.

முன்னுரை புதிய தரிசனங்களையும் தீர்க்கதரிசனங்களையும் பழையவற்றுக்கு இணையாக மதிக்க வற்புறுத்துவதால், தொகுப்பாசிரியரை மொந்தானியர் சார்புடையவர் என்றும், தெர்த்துல்லியனே அவர் என்றும் கூறுவோர் உளர். சார்பு உண்டு என்பதை மறுத்தல் கடினம். தெர்த்துல்லியன் என்பதற்கோ போதிய சான்றில்லை. அவர் எவராயினும் தம் கொள்கைக்குச் சான்றாக இக்குறிப்பைக் கையாண்டார். அகுஸ்தீன் தம் சபை ஒழுங்குக்கு ஏற்ப அதனை அடக்கினார். எழுதியவளோ எக்கட்சியையும் பெயர் சொல்லி ஆதரிக்கவில்லை.

இவ்வளவு சொன்னபின் பெலிசித்தாவைப் பற்றிக் கூறாமல் முடிக்க இயலாது. அவள் எழுதவில்லை; பெர்பெத்துவாவின் குறிப்பிலும் அவள் பெயர் இல்லை. அவளைப்பற்றி நாம் அறிவதெல்லாம் தொகுப்பாசிரியர் வாயிலாகவே. எட்டு மாதக் கர்ப்பிணியானதால், சட்டப்படி தன் தண்டனை தள்ளிப்போய்த் தோழர்களின்றிப் பிற குற்றவாளிகளோடு சாக நேருமோ என்று அஞ்சினாள். விளையாட்டுக்கு முன்னான நாட்களில் அனைவரும் சேர்ந்து மன்றாட, பிரசவ வேதனை கண்டது. இப்போதே அலறுகிறவள் விலங்குகளின்முன் என்ன செய்வாய் என்று காவலன் ஒருவன் ஏளனம் செய்தான். இப்பாடு தன்னுடையது, அங்கே தனக்காகப் பாடுபட வேறொருவர் தன்னுள் இருப்பார் என்னும் பொருளில் அவள் விடையளித்தாள். இந்நூலின் ஆழ்ந்த இறையியல் கூற்று எதுவென்று எம்மைக் கேட்டால், தரிசனங்கள் அனைத்தையும் விட்டு இதனையே காட்டுவோம். அரங்கத்தில் அவளை வலைபோர்த்தி நிறுத்தியபோது மார்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டமே அதைக் காணப் பொறாததால் திரும்ப அழைத்துத் தளர்ந்த ஆடை உடுத்தினர்.

அவளுக்குப் பிறந்தது பெண்குழந்தை. சகோதரி ஒருத்தி அதனைத் தன் மகளாக வளர்த்தாள் என்று நூல் சொல்கிறது. குழந்தையின் பெயரையும் வளர்த்தவளின் பெயரையும் அது குறிக்கவில்லை.