எள்ளல் இல்லாத நகை

மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். ஆயினும் இலக்கியமும் கலையும் கற்பிக்கும் நம்மிடையே நகைச்சுவைக்குக் கடைசி இருக்கையே கிடைக்கிறது. அழவைக்கும் படைப்பை ஆழமானது என்றும், சிரிக்கவைக்கும் படைப்பை வெறும் பொழுதுபோக்கு என்றும் பிரித்து வைக்கும் வழக்கம் வகுப்பறை வரையிலும் வந்துவிட்டது. இவ்வழக்கம் பொருந்தாது என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. ஒல்லியான ஸ்டான் லாரல், பருத்த ஆலிவர் ஹார்டி என்னும் இருவர் நடித்த படங்களும், அவற்றையும் அவ்விருவர் வாழ்வையும் தேடித் தேடிப் பயின்ற சுவைஞர்களின் பணியுமே அச்சான்று.

லாரல் 1890இல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்னும் ஊரில் நாடகக் குடும்பமொன்றில் பிறந்தார். சார்லி சாப்ளின் இடம்பெற்றிருந்த பிரெட் கார்னோ குழுவினருடன் 1910இல் அமெரிக்கா சென்றார். ஹார்டி 1892இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஹார்லம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பிறந்த ஆண்டிலேயே தந்தையை இழந்தார். தாயார் தங்கும் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காத்தார். ஹால் ரோச்சின் படநிலையத்தில் 1927ஆம் ஆண்டு இருவரும் இணையாக உருப்பெற்றனர். பேசாப்படம் பேசும்படமாக மாறியபோது புகழ்பெற்ற நடிகர் பலர் வீழ்ந்தனர். இவர்களோ முன்னிலும் ஓங்கினர். இணைந்து நடித்த படங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை.

நகை எவ்வெவற்றால் பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். பிறரை இகழ்ந்து சிரிக்கும் எள்ளல் ஒன்று. குழந்தைத் தன்மையாகிய இளமை ஒன்று. அறிவின்மையாகிய பேதைமை ஒன்று. கேட்டதை ஆராயாது மெய்யென்று கொள்ளும் மடன் ஒன்று. ஒல்லியும் பருமனும் சேர்ந்து நின்றால் உருவத்தைக் கண்டுதான் மக்கள் சிரிக்கின்றனர் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறாயின் அது எள்ளலின்பாற்படும். ஆனால் இவ்விணையின் சிறந்த படங்களை உற்றுநோக்கினால், நகை பிறப்பது எஞ்சிய மூன்றினின்றே என்பது விளங்கும்.

1932இல் வெளிவந்த 'தி மியூசிக் பாக்ஸ்' என்னும் குறும்படத்தைக் காண்க. நெடிய படிக்கட்டின் உச்சியில் உள்ள வீட்டிற்கு ஒரு பியானோவைக் கொண்டுசேர்க்க வேண்டும். ஏற்றுகிறார்கள், அது உருண்டு இறங்குகிறது. மீண்டும் ஏற்றுகிறார்கள், மீண்டும் இறங்குகிறது. ஒருவாறு உச்சியை அடைந்தபின், வண்டியிலேயே மேலே வருவதற்குப் பாதை உண்டே என்கிறார் அஞ்சற்காரர். உடனே இருவரும் என்ன செய்கின்றனர்? பியானோவைப் படிவழியே கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அப்பாதையால் கொண்டுவருகின்றனர்! மடன் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? அமெரிக்கத் திரைக்கழகத்தின் ஆஸ்கார் விருது இப்படத்திற்குக் கிடைத்தது. எனினும் விருதினும் பெரிது ஒன்று உண்டு. பயனற்ற உழைப்பில் விடாது முயலும் இருவரைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். ஆனால் அவர்களைத் தாழ்வாக எண்ணவில்லை. நம் வாழ்வின் எத்தனையோ படிக்கட்டுகள் நினைவிற்கு வருகின்றன.

1929இல் வந்த 'பிக் பிசினஸ்' என்னும் பேசாப்படம் இன்னொரு வகையினது. கிறிஸ்துமஸ் மரம் விற்க வந்த இருவருக்கும் வீட்டுக்காரருக்கும் பூசல் மூள்கிறது. அவர் இவர்களின் காரை உடைக்கின்றார். இவர்கள் அவர் வீட்டை உடைக்கின்றனர். வியப்பு யாதெனில், ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதில்லை. தம் முறை வரும்வரை பொறுமையாக நின்று பார்க்கின்றார். காவலரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாளா இருக்கின்றார். வளர்ந்தோர் மூட்டும் சண்டைகள் குழந்தைகளின் பிடிவாதத்தினும் மேம்பட்டவையல்ல என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது. இளமை என்னும் நிலைக்களன் இங்கே அறத்தைப் பேசுகின்றது.

இனிப் பேதைமை. லாரலின் பேதைமை எளியது. தன்னை மறைக்கத் தெரியாதது. ஹார்டியின் பேதைமையோ தன்னை அறிவு என்று நம்பிக்கொண்டிருப்பது. எச்செயலிலும் தாமே முன்செல்வார்; முதலில் அடிபடுபவரும் அவரே. அடிபட்டபின் படக்கருவியை நேராக நோக்கி ஒரு பார்வை பார்ப்பார். அப்பார்வை நம்மைத் துணைக்கு அழைக்கின்றது. இரக்கம் கேட்கும் ஒருவரை எள்ள நமக்கு மனம் வருமோ?

படங்களிலிருந்து வாழ்விற்குச் செல்வோம். திரையில் தலைவர் ஹார்டி, பின்செல்பவர் லாரல். திரைக்குப் பின்னாலோ நிலைமை நேர்மாறானது. கதையை வளர்த்தல், நகைக் காட்சிகளைப் புனைதல், படத்தொகுப்பை மேற்பார்த்தல் ஆகிய அனைத்திலும் லாரலின் கை இருந்தது. அவருக்கு ஊதியமும் மிகுதி. அதை ஹார்டி நியாயமென்றே ஏற்றுக்கொண்டார். தாயாரின் விடுதி முகப்பில் அமர்ந்து வருவோர் போவோரைக் கவனித்த பழக்கம் தம் நடிப்பிற்கு உதவிற்று என ஹார்டி கூறியுள்ளார். விரல்நுனியால் கழுத்துப்பட்டையை அசைக்கும் அவரது நாணமும் மிகைப்பட்ட பணிவும் அங்கிருந்து வந்தவை எனக் கொள்ளலாம்.

வாழ்வை அறிவதால் திறனாய்விற்கு என்ன பயன் என்று கேட்கலாம். 1940இல் ரோச்சின் நிலையத்தை விட்டுப் பெருநிறுவனங்களுக்குச் சென்றபின் இவர்கள் நடித்த படங்கள் பொலிவிழந்தன. காரணம் யாது? முதுமை மட்டுமன்று. அங்கே லாரலுக்குக் கதையிலும் தொகுப்பிலும் உரிமை இல்லை. பிறர் எழுதிய கதைகளில் இவ்விருவரும் மற்றப் பாத்திரங்கள் ஏளனம் செய்யும் அறிவிலிகளாக ஆக்கப்பட்டனர். அதுவரை விலக்கி வைத்திருந்த எள்ளல் உள்ளே நுழைந்தது, நகை வெளியேறிற்று. படைப்பாளரின் வாழ்வை அறியாதவர்க்கு இவ்வீழ்ச்சியின் காரணம் விளங்காது.

இவ்வுண்மைகளை நமக்குத் தேடித்தந்தோருள் முதன்மையானவர் ஜான் மெக்கேப். பல்கலைக்கழகத்தார் பொருட்படுத்தாத இந்நடிகர்களைப் பற்றி 1961இல் அவர் நூலெழுதினார். லாரல் மறைந்த 1965ஆம் ஆண்டில் அவரும் நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு சங்கம் கண்டனர். இவ்விணையின் 1933ஆம் ஆண்டுப் படமாகிய 'சன்ஸ் ஆஃப் த டெசர்ட்' என்பதன் பெயரையே அதற்குச் சூட்டினர்; பாலைவன மைந்தர் என்பது பொருள். அதற்கேற்பக் கிளைகளுக்குக் கூடாரங்கள் என்று பெயர். ஒவ்வொரு கூடாரமும் ஒரு படத்தின் பெயரைத் தாங்கும். சங்கத்தின் விதிகளும் விளையாட்டாகவே எழுதப்பட்டவை.

விளையாட்டாகத் தொடங்கியோர் செய்த வேலை விளையாட்டன்று. பியானோ ஏறிய படிக்கட்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இன்னதென்று காட்டினர். படிகளை 133 என்று எண்ணினர். 1927இல் வந்த 'ஹேட்ஸ் ஆஃப்' என்னும் படம் இதுவரை கிடைக்கவில்லை. ஆயினும் எஞ்சிய நிழற்படங்களைக் கொண்டு, துணிவெளுக்கும் பொறியை இருவரும் இதே படிகளில் சுமந்த கதை அது என்பதை அறிகின்றோம். பழைய கருவிலிருந்து 'தி மியூசிக் பாக்ஸ்' மலர்ந்த வரலாறு இவ்வாறு துலங்குகிறது. அவ்வாண்டின் மற்றொரு படமாகிய 'தி பேட்டில் ஆஃப் த செஞ்சுரி'யில் பெரும் பணியார வீச்சு ஒன்று உண்டு. நெடுங்காலம் அதன் துண்டுகளே காணக் கிடைத்தன. 2015இல் அதன் இரண்டாம் சுருள் கிடைத்த செய்தி வந்தது. சிதறிக் கிடந்த காட்சிகளுக்கு முன்பின் தொடர்பு வாய்த்தது. ஏடு தேடிய நம் பதிப்பாசிரியர்களை அறிந்த தமிழாசிரியர்க்கு இவ்வுழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

குறையும் கூறவேண்டும். சுவைஞருள் சிலர் லாரலின் பல திருமணங்களையும் வழக்குகளையும் துருவுவதிலேயே மகிழ்கின்றனர். படைப்பை விளக்காத வாழ்க்கைச் செய்தி வம்பு ஆகுமேயன்றி ஆய்வு ஆகாது. எல்லாப் படத்தையும் ஒருங்கே புகழ்வோரும் உளர். பிற்காலப் படங்களின் தளர்ச்சியை மறைப்பது அன்பன்று.

படைப்பை விளக்கும் வாழ்க்கைச் செய்தி எது? 1957 ஆகஸ்டில் ஹார்டி மறைந்தார். அதன்பின் லாரல் மேடையிலோ திரையிலோ நடிக்கவே இல்லை. ஆனால் இருவருக்குமான நகைக் காட்சிகளைத் தம் இறுதிக்காலம் வரை புனைந்துகொண்டிருந்தார். கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் அவர் வாழ்ந்த வீட்டின் தொலைபேசி எண் பொதுக் கையேட்டிலேயே இருந்தது. அழைத்தவர்களுடன் அவர் பேசினார். திரையில் கண்ட பரிவு நடிப்பு மட்டுமன்று என்பதை இச்செய்தி உறுதிப்படுத்துகிறது.

நம் மாணவர்கள் ஆசிரியர் வரலாறு எழுதும்போது பிறந்த ஊர், ஆண்டு, இயற்றிய நூல்கள் என்று அடுக்கி முடித்துவிடுகின்றனர். அச்செய்திகளுள் எது படைப்பின் எந்த வரியைத் திறக்கும் சாவி என்று கேட்கப் பழக்குவது ஆசிரியர் கடமை. நகைச்சுவைப் பகுதியைக் கற்பிக்கும்போது இன்னொரு வினாவும் கேட்கப்படல் வேண்டும்: இந்நகை எந்த நிலைக்களனில் பிறந்தது? சக மாணவனின் நிறத்தையும் திக்குவாயையும் கண்டு சிரிக்கும் வகுப்பறைக்கு அவ்வினா மிகவும் தேவை. எள்ளல் எவருக்கும் எளிது. எள்ளாமல் சிரிக்கவைக்கக் கலை வேண்டும். எள்ளாமல் சிரிக்கக் கல்வி வேண்டும்.