நாலு மணிக்கு அலாரம்

பெய்ஜிங்கில் மாலை ஆறு மணி என்றால், குளிர்கால நியூயார்க்கில் விடிகாலை ஐந்து. அந்த நேரத்துக்கு நாலு மணிக்கே அலாரம் வைத்து எழுந்து, தலைவாரி, கேமரா முன் சிரித்தபடி சீனக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள் ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள். பலர் பள்ளிக்கூட டீச்சர்கள். 2013-ல் தொடங்கிய 'விஐபிகிட்' கம்பெனிக்காக. 25 நிமிஷ வகுப்பு. மணிக்கு 14 முதல் 22 டாலர் வரை. முடித்த கையோடு பள்ளிக்கு ஓட்டம்!

'வீட்டிலிருந்தே கூடுதல் வருமானம்' என்று ஏகப்பட்ட பாராட்டு. முழுநேர டீச்சர் வாடகைக்காக விடிகாலையில் இன்னொரு வேலை பார்ப்பதில் பாராட்ட என்னங்க இருக்கிறது? பள்ளிச் சம்பளம் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

வரவு செலவு எழுதிப் பாருங்கள். கம்ப்யூட்டர், இன்டர்நெட், தூக்கம் எல்லாம் டீச்சர் செலவு. ஒப்பந்த ஆள் என்பதால் மருத்துவக் காப்பீடு, பென்ஷன் கிடையாது. 2021 ஜூலையில் சீன அரசு, பிள்ளைகளின் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பாடம் நடத்தத் தடை போட்டது. அடுத்த மாதமே புது வகுப்பு விற்பனை நின்றது. நோட்டீஸ் பீரியடா, நஷ்டஈடா? மூச்!

பிள்ளைகளின் சுமைக்காவது ஓர் அரசு உத்தரவு போட்டது. டீச்சரின் சுமைக்கு யார் போடுவது? 'உபரி வருமானத்துக்கு வழி' என்று இனி யாராவது சொன்னால், முதல் வருமானம் எவ்வளவு என்று கேளுங்கள்.